ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

ஸாப்பரோஜெட்ஸ் காரின் பின்சக்கர பேரிங்கை
இழுத்தெடுக்க மட்டுமே வார்த்த புல்லர் ஒன்று
என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.
அந்த ரகத்தின் கடைசி வண்டி
எங்கள் க்ல்தானி வட்டாரத்திலிருந்து
பழைய இரும்பாய்ப் போய் ஒன்பது வருடம்.
புல்லருக்கு இதை யாரும் சொல்லவில்லை.

புத்தாண்டுக்கு முந்தின இரவு
ஷூஷுனா வீட்டு அரைவை எந்திரத்தில்
அக்ரூட் பாதியில் சிக்கி நின்றுவிட,
கோழி வெந்து சாற்றுக்குக் காத்திருக்க,
அந்தப் புல்லர்தான் திருகைப் பிடுங்கியது.
மூன்று கால் நண்டு போலக் கவ்வி
ஒரே முனகலில்.

டப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜில்
ஆக மெல்லிய தகட்டை
அக்கார்டியன் நாக்குகளுக்கு அடியில் செருகி
அழுக்கெடுத்துக் கொடுத்தேன்.
வாசித்தவன் கல்யாணத்தில் சுருதி தப்பினான்.
அது தகட்டின் குற்றமல்ல,
திராட்சைச் சாராயத்தின் குற்றம்.

"த்ஸிஸானா, நீ மெக்கானிக்கா மந்திரவாதியா?"
என்பார்கள்.
கூலி கேட்டால் மட்டும்
இரண்டுமில்லை, அக்கம்பக்கத்துக்காரி.

மார்ச் மாதம் ஒரு வியாழன்.
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
அன்று காசை வாங்கிக்கொண்டு
நடுவழியில் நின்றுவிட்டது.
உள்ளே யாரோ தட்டுகிறார்கள்.
கம்பெனிக்காரன் போனில்
மூன்று மணி நேரம் ஆகும் என்றான்,
தேநீர் உறிஞ்சும் சத்தத்தோடு.

என்ஜினைக் கேட்க வாங்கிய ஸ்டெதாஸ்கோப்:
மார்பில் வைக்கும் வட்டம் இல்லை அதற்கு,
ஓர் எஃகுக் கம்பி மட்டும்.
மாடிக்கு மாடி கதவில் ஊன்றிக் கேட்டேன்.
மூன்றில் காற்று.
நான்கில் யாரோ வீட்டுக் கால்பந்து வர்ணனை.
ஐந்தில், பக்கத்தில் நின்று பேசுவதுபோல்,
ரமாஸ்.

ஏழு மாதமாக
கிளட்ச் மாற்றிய பாக்கியை
"அடுத்த வாரம்" என்று நகர்த்தும் அதே ரமாஸ்
மனைவியிடம் போனில் சொல்கிறான்:
"நூனு, மூச்சு முட்டுகிறது.
எனக்கு ஏதாவது ஆனால் காரை விற்றுவிடு.
முதலில் த்ஸிஸானாவுக்குக் கொடு.
முந்நூற்று நாற்பது லாரி.
இல்லை, முந்நூற்று அறுபது.
அவள் இருபதைக் குறைத்தே சொன்னாள்,
எனக்குத் தெரியும்."

கம்பியைக் கதவிலிருந்து எடுத்தேன்.
பிறகு
இன்னும் கொஞ்சம் கேட்கலாமென்று வைத்தேன்.
அழுதுகொண்டிருந்தான். எடுத்துவிட்டேன்.

டை ராட் முனையைக் கழற்றும் கவையைக்
கதவின் இடுக்கில் நுழைத்தேன்.
சாவி உள்ளே மாட்டிக்கொண்ட கார்களுக்காக
வைத்திருக்கும் ரப்பர் பையை
அந்த விரலிடுக்கில் செருகி ஊதினேன்.
கதவு கொட்டாவி விட்டது.
கார்ப்பரேட்டருக்குள் விழுந்த திருகுகளைப்
பொறுக்கும் வளைகம்பியால்
மேலே பூட்டின் உருளையைத் துழாவி,
நழுவி, மறுபடி துழாவி,
க்ளக்.

என் இடுப்பு உயரத்தில்
முதலில் தெரிந்தது அவன் ஷூ.
இடது அடிப்பாகம் விரிந்திருந்தது;
சைக்கிள் ட்யூப் பசையால் ஒட்டிப் பார்த்திருக்கிறான்.
பிறகு முழங்கால், வயிறு,
அப்புறம் முகம்.
அதை உடனே துடைத்துக்கொண்டான்.

"அடுத்த வாரம், த்ஸிஸானா,
அம்மா மேல் ஆணை."

"சரி" என்றேன்.

கூடியிருந்தவர்கள் கலைந்தார்கள்.
கவையில் புதிதாய் ஒரு கீறல்,
கதவின் சாம்பல் பெயிண்ட் அதில் ஒட்டியிருந்தது.
துணியால் தேய்த்தும் போகவில்லை.

பெட்டியைத் தூக்கப் போனேன்,
அவன் முந்திக்கொண்டான்.
இருபத்தெட்டு கிலோ.
ஐந்து மாடியும் படிவழியே இறங்கினோம்,
என் கழுத்தில் இன்னும் ஸ்டெதாஸ்கோப் தொங்க.
மூன்றாம் மாடியில் கை மாற்றிக்கொண்டவன்
அதைப் பார்த்தான்.
கம்பியைப் பார்த்தான்.
காதில் செருகும் முனைகளைப் பார்த்தான்.

"இது எதற்கு?" என்றான்.

"பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க."

தலையாட்டினான்.
பெட்டிக்குள் ஸ்பேனர்கள் புரண்டு சத்தமிட
நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம்.